ஜூன் 31 அன்று எனக்குத் தலைவலி

ஒற்றைத் தலைவலிக்கு உலகத்தில் உள்ள எல்லா வைத்தியத்தையும் பார்த்துவிட்டேன் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் கொஞ்சம் பொய் உண்டு. பற்றுப் போட்டேன், ஆவி பிடித்தேன், தாயத்துக் கட்டினேன், மூக்கில் தைலம் விட்டுக்கொண்டேன், ஆம்பூரில் ஒரு பெரியவர் ஓதி ஊதிக் கொடுத்த தண்ணீரையும் குடித்தேன். செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று. வேலூரில் நான் பார்த்த நரம்பியல் டாக்டர் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து, தலை வலிக்கிற நாளில் தேதி, நேரம், அன்று எப்போது சாப்பிட்டேன், எவ்வளவு தூங்கினேன், என்ன மாத்திரை போட்டேன் என்று நாலு வரி எழுதி வரச் சொன்னார். செலவு கிடையாது, பத்தியம் கிடையாது. அதைத்தான் செய்யவில்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீடு ஒடுகத்தூர், வேலை ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில். ஊரான் வீட்டுப் பைசாவுக்கெல்லாம் லெட்ஜர் எழுதுகிற கை, சொந்தத் தலைக்கு எழுத மறுத்தது. மறுபடி டாக்டரைப் பார்க்கவேண்டிய அன்று காலை வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, ஊர் போய்ச் சேர்வதற்குள் மொத்தக் கணக்கையும் முடித்தேன். இங்கே ஒரு வலி, அங்கே ஒரு வலி. ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினேன். நம்பும்படியாக இருக்கட்டும் என்று நடுவில் ஒரு வாந்தியும் சேர்த்தேன். டாக்டர் நோட்டை நிதானமாகப் புரட்டினார். எல்லாப் பக்கமும் ஒரே பேனாவில் இருந்ததையோ, பஸ் குலுங்கிய இடத்தில் எல்லாம் எழுத்தும் குலுங்கியிருந்ததையோ அவர் பெரிதுபடுத்தவில்லை. ஒரு வரியில் மட்டும் விரலை வைத்தார்.

"ஜூன் மாசத்துக்கு முப்பது நாள்தாங்களே?"

ஜூன் 31, மாலை நான்கு மணி, இடது பக்கம், கடுமையான வலி என்று எழுதியிருந்தேன்.

இந்த வியாதியில் ஒழுங்காகக் கணக்கு வைத்த மனிதர் ஒருவர் இருந்தார் என்று பிறகு படித்தபோது வெட்கம் இரட்டிப்பானது. கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர். இந்தத் தலைவலி வருவதற்கு முன்னால் சிலருக்குக் கண்முன் ஒரு பளபளப்பு தோன்றும். கோட்டை மதில் போலப் பல்லுப் பல்லாக ஓரம் கட்டிக்கொண்டு மெல்ல விரியும். விரிந்த இடத்தில் பார்வை இருக்காது. லாஷ்லிக்கு அது வந்தபோது போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. தாளை எடுத்து, எந்த நிமிடத்தில் அது எங்கே நிற்கிறது என்று வரைந்தார். மூளையின் பின்பக்கத்தில், பார்வைக்கான பகுதியில், ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கணக்குப் போட்டு 1941ல் எழுதினார். 1944ல் அரிஸ்டிடிஸ் லியாவோ என்ற பிரேசில்காரர் முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் பரவும் ஓர் அலையைக் கண்டார். இரண்டும் ஒரே சங்கதிதான் என்று வைத்திய உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் பல வருடங்கள் பிடித்தன.

எனக்கும் அந்தப் பளபளப்பு எப்போதாவது வரும். லெட்ஜரில் ஒரு தொகையின் நடு இலக்கம் காணாமல் போகும். 48,650 என்று என் கையாலேயே எழுதியிருப்பேன். 48 தெரியும், 50 தெரியும், நடுவில் மினுமினுப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். மறுபடி துடைப்பேன். பக்கத்து மேஜைக்காரரின் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்ப்பேன். இன்னும் அரை மணியில் வலி வரப்போகிறது, எழுந்து ஏதாவது செய் என்று உடம்பு சொல்கிற நேரம் அது. நான் அதைக் கண்ணாடிக் கடைக்குச் செலவழித்தேன். வீட்டு அலமாரியில் உறை பிரியாமல் கிடக்கிற பிரேம்களுக்கு வேறு காரணம் இல்லை.

வலி எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். பாதி மண்டையில் துடிக்கும், மாடிப்படி ஏறினால் கூடும், வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாடை ஆகாது, குமட்டும். கவனிக்காமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இருக்கும் என்பது புத்தகக் கணக்கு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதனால் மீசை வைத்த ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு இருட்டறையில் படுத்தால் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அம்மாவுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. "தலைல நீர் கோத்துக்கினு கீதுடா." சந்தனக்கல்லில் வெந்நீர் விட்டுச் சுக்கை உரசி நெற்றி முழுக்கத் தடித்துப் பூசுவாள், நாட்டு மருந்துக் கடை நீர்க்கோவை மாத்திரை இருந்தால் அதையும் உரைத்துச் சேர்ப்பாள். பற்று காயக் காயத் தோலைப் பிடித்து இழுக்கும். அந்த எரிச்சலில் உள்ளே துடிப்பது கொஞ்ச நேரம் மறந்துபோகும் என்பது உண்மை. ஒருநாள் அதைக் கழுவ மறந்து பஸ் ஏறிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மரியாதையாக, "எந்தக் கோயிலுங்க?" என்றார். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. ரத்தினகிரி என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தைலங்களில் மஞ்சள் டப்பாவிலிருந்து வெளிநாட்டுக் கோடாலித் தைலம் வரை எல்லாம் என் நெற்றியில் ஓடியிருக்கின்றன. அமிர்தாஞ்சனத்தை 1893ல் பம்பாயில் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், பிறகு 'ஆந்திர பத்திரிகை'யையும் நடத்தினார். ஒரு கையால் தலைவலித் தைலம், இன்னொரு கையால் பத்திரிகை என்று சரிக்கட்டிய அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. என் சிக்கல் வேறு: வலி ஏறிவிட்டால் எந்த வாசனையும் எனக்கு எதிரி, தைல வாசனை உட்பட. இருந்தும் தடவிக்கொள்வேன். ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தால் வீட்டில் நம்பமாட்டார்கள்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்தான் பெரிய வழக்கு. தலைக்கு எண்ணெய் வைக்காமல் சூடு ஏறித்தான் வலிக்கிறது என்பது அம்மாவின் கட்சி. எனக்கோ, தலைக்குக் குளித்த அன்று சாயங்காலமே வலி பிடித்துக்கொள்கிறது என்று ஒரு சந்தேகம். சந்தேகம்தான், நோட்டு எழுதியிருந்தால் நிச்சயமாகத் தெரிந்திருக்கும். மும்பையைச் சேர்ந்த தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதே வலியைக் கிளப்பிவிடும் 94 இந்திய நோயாளிகளைக் கவனித்து 2006ல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார். மேல்நாட்டுப் புத்தகங்களில் பெரிதாகப் பேசப்படாத சங்கதி. வாரம் இரண்டு முறை தலை முழுகுகிற நாட்டில்தான் அது கண்ணில் பட்டது. இதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் வாதாடினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த டாக்டரு தலைக்கு எண்ணெ வெப்பாரா?" என்றாள். அடுத்த சனிக்கிழமையும் வைத்தாள். வலித்தது. சூடு இன்னும் முழுக்க இறங்கவில்லை என்றாள்.

பிரியாணி விஷயத்தில் நான் செய்தது அநியாயம். ஆம்பூர்க் கல்யாணங்களுக்குப் போய்வந்த நாட்களில் எல்லாம் வலி வந்ததால், குற்றவாளி பிரியாணி என்று நானே தீர்ப்பெழுதி அதை விலக்கினேன். சீரகசம்பாவும் கத்திரிக்காயும் மணக்கிற பந்தியில் உட்கார்ந்து தயிர்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பரிமாறுகிறவர் என்னை நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார், அது சரிதான். ஆனால் தயிர்சாதம் சாப்பிட்டு வந்த நாளும் வலித்தது. காலையில் ஒரு டீயோடு கிளம்பி, மதியம் மூன்று மணிக்கு எனக்குப் பந்தியில் இடம் கிடைக்கும் வரை வெயிலில் நின்றிருக்கிறேன் என்பதை டாக்டர் கேட்டபோதுதான் நானே கவனித்தேன். பசியைத் தள்ளிப்போடுவது இந்த வலியைக் கூப்பிடுகிற காரணங்களில் முன்வரிசை. ஒரு வாய் பிரியாணிகூடச் செய்யாத குற்றத்துக்கு அதை வருடக்கணக்கில் தள்ளிவைத்தேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கக்கூடியது. கம்பெனியில் நடந்தது அந்த அளவுக்கு இல்லை.

பெட்டியில் ஏறுகிற ஷூவுக்குப் பெரிய வாடை கிடையாது. அது உருவாகிற இடத்துக்கு உண்டு. பதனிட்ட தோலின் வாடை ஒன்று, அடிப்பாகம் ஒட்டுகிற பசையின் வாடை இன்னொன்று. அக்கவுண்ட்ஸ் அறைக்குப் போகும் வழியில் பசை போடும் பகுதியைக் கடக்க வேண்டும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகப் போவேன். அங்கே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். நான் போவதைப் பார்த்து அவர்களுக்குள் சிரிப்பதும் தெரியும். ஒருநாள் ஓர் அம்மா நேராகவே கேட்டார்.

"இன்னா சார், எங்களப் பாத்தா நாத்தமா கீதா?"

"ஐயோ இல்லம்மா. எனக்கு ஒத்தத் தலைவலி. இந்த வாடை ஆகாது."

"எங்களுக்கும்தான் சார் தலைவலி."

ஒரு நொடி நின்றேன். பிறகு சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தேன். பெரிய மனுஷத்தனம் செய்துவிட்ட திருப்தி. அன்று முதல் எனக்குப் பெயர் 'மாத்திர சார்'. டீ இடைவேளையில் கை நீட்டுவார்கள், கொடுப்பேன். நானும் ஒன்று போட்டுக்கொள்வேன், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும்; வரப்போகிறது என்ற பயமே போதும். பெங்களூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நடத்தி 2015ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 18 முதல் 65 வயதுக்காரர்களில் நான்கில் ஒருவருக்கு வருடத்தில் ஒருமுறையாவது ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. பெண்களிடமும் கிராமத்தாரிடமும் கூடுதல். அந்த வரிசையில் எத்தனை பேருக்கு இருந்தது என்று நான் கேட்டதில்லை. அட்டை தீர்ந்துபோவதை மட்டும் கவனித்தேன்.

வேலூருக்குப் போனதே கடைசியில்தான். கொல்கத்தாவிலிருந்தும் கௌஹாத்தியிலிருந்தும் ரயிலில் இரவும் பகலும் உட்கார்ந்து தலையைக் காட்ட வருகிற ஊர் வேலூர். ஜேக்கப் சாண்டி 1949ல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை அங்கே சி.எம்.சி.யில்தான் தொடங்கினார். ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருந்துகொண்டு, ஜவ்வாது மலை அடிவாரத்தில் யாரோ வேர் கொடுக்கிறார் என்று கேட்டு எதிர்த்திசையில் பைக் ஓட்டியவன் நான்.

போனதும் ஏமாற்றம். டாக்டர் கேள்வியாகக் கேட்டார், கண்ணுக்குள் விளக்கடித்தார், முழங்காலைத் தட்டினார், நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார், எழுத ஆரம்பித்துவிட்டார். "ஸ்கேன்?" என்றேன். தேவையில்லை என்றார். இத்தனை வருட வலிக்கு ஒரு படம்கூட இல்லாமல் ஊர் திரும்பினால் யார் மதிப்பார்கள்? எப்போது தேவைப்படும் என்று விடாமல் கேட்டேன். இடி விழுந்த மாதிரி திடீரென்று உச்சத்துக்குப் போகிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, 50 வயதுக்குமேல் புதிதாக ஆரம்பிக்கும் வலி, இப்படி ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் வரவேண்டும் என்றார். ஒன்றாவது இருக்காதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

"மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடறீங்க?"

"தேவைப்படறப்ப மட்டும்தான் சார்."

"எத்தனை நாள் தேவைப்படல?"

பதில் சொல்ல நேரமானது. மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் தலை வலித்து, மூன்று மாதத்துக்குமேல் அப்படியே போய், அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணம் இருந்தால் அது நாள்பட்ட வகை. அந்த நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் மாத்திரைக்கே பங்கு உண்டு என்று விளக்கினார். சாதா வலி மாத்திரை மாதம் 15 நாள், காபிச் சத்து கலந்த கூட்டு மாத்திரையோ டிரிப்டான் வகையோ 10 நாள். அந்த எல்லையைத் தொட்டு மாதக்கணக்கில் விழுங்கினால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். நான் விழுங்கியதும் வினியோகித்ததும் கூட்டு மாத்திரை.

இதிலே எனக்கு முதலில் புரியாதது ஒன்று. டாக்டர் சொல்கிறார்: வலி தொடங்கியதுமே போடு, முற்றிய பிறகு போட்டால் பயனில்லை, அந்த நேரத்தில் வயிறும் மந்தமாகிவிடும், மருந்து சரியாக ரத்தத்தில் ஏறாது. அதே மூச்சில்: அடிக்கடி போடாதே. ஆரம்ப வருடங்களில் வீரம் பேசிக்கொண்டு வலி உச்சிக்குப் போகும் வரை பொறுத்து, பிறகு போட்டு, போட்டதை வாந்தியெடுத்தேன். பிந்திய வருடங்களில் வலி வருமுன்னே தினமும் போட்டேன். இரண்டு பாடத்திலும், வரிசைக் கிரமமாக, தோற்றிருக்கிறேன்.

பழைய மாத்திரையை அடியோடு நிறுத்திய முதல் பத்து நாளைப் பற்றி வீட்டில் இன்னும் யாரும் பேசுவதில்லை. நிறுத்தினால் முதலில் வலி கூடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார், கூடியது. மனைவி மிச்சமிருந்த அட்டைகளை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவன் அன்று சாயங்காலம், "நான் வேணா உலை வெக்கட்டுமா?" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

புதிதாகக் கொடுத்தது இரண்டு. வலி தொடங்கும்போது மட்டும் போட சுமட்ரிப்டான், அதுவும் எண்ணி. தினமும் போட புரோப்ரனலால். இழுப்பு இருக்கிறதா, இதயக் கோளாறு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். புரோப்ரனலால் நெஞ்சுவலிக்கு வந்த மருந்து. 1960களில் அதைச் சாப்பிட்ட இதய நோயாளி ஒருவருக்குப் பழைய ஒற்றைத் தலைவலி காணாமல் போனதைக் கவனித்துத்தான் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். இந்த வரலாறு ஒடுகத்தூருக்குத் தெரியாது. மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்தவர் "ஹார்ட்டுக்கா சார்?" என்று சத்தமாகக் கேட்டார். அன்று இரவே இரண்டு வீட்டார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்துவிட்டார்கள். தலைவலி என்று இத்தனை வருடம் சொன்னபோது ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்ததில்லை. மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன். சிஜிஆர்பி என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் 2018லிருந்து வந்திருக்கின்றன, அந்தப் புரதத்தைத் துரத்திய ஆராய்ச்சிக்கு 2021ல் மூளை ஆய்வுக்கான பெரிய பரிசும் கிடைத்தது. அதெல்லாம் என் சம்பளம் உயர்ந்த பிறகு.

கம்பெனியில் மாத்திரை வினியோகத்தை நிறுத்தினேன். ஏன் என்று டாக்டர் சொன்னதை எல்லாம் டீ இடைவேளையில் விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"சரி சார். மாத்திர போடலன்னா பீஸ் ஓடாதே சார்."

ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் ஓடவேண்டும் என்பதை மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து மேலே அனுப்புகிறவன் நான்தான். பசை போடும் பகுதியில் காற்று இழுக்கிற விசிறி இன்னும் இரண்டு வேண்டும் என்று முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம், தேதியெல்லாம் சரியாக இருக்கிறது. மேஜை டிராயரில் இருக்கிறது.

வலி இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. குறைந்தவுடன் என்ன செய்தேன் என்றால், தினமும் போடவேண்டிய மாத்திரையை யாரையும் கேட்காமல் நிறுத்தினேன். அதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று சீட்டிலேயே எழுதியிருந்தது. படபடப்போடு வலியும் திரும்பி வந்து, மறுபடி வேலூர், மறுபடி அதே டாக்டர், மறுபடி ஒரு புது நோட்டு. இந்த முறை உள்ளட்டையில் அவரே மாதத்துக்கு எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் பழக்கமான வியாபாரி ஒருவர், கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக நான் வருவதைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். "தலைக்கித் தலைதான் சார் மருந்து" என்றார். வீட்டில் வெள்ளிக்கிழமை பேச்சே எடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஒரு ஆட்டுத்தலை வாங்கி வந்தேன். மனைவி அதைத் தணலில் வாட்டிச் சுரண்டி, மிளகு தட்டிப்போட்டுக் குழம்பு வைத்து, ஆறினால் கொழுப்பு உறையும் என்று சரியாகப் பன்னிரண்டரைக்குத் தட்டை வைத்துவிட்டாள். நேரத்தோடு சாப்பிட்டு, நேரத்தோடு தூங்கினேன். அந்த வாரம் முழுக்க வலி இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தலைவலி என்று நின்ற ஒருவரிடம் வியாபாரி என்னைக் காட்டி, "சாரையே கேளுங்க" என்றார். அவர் கேட்டார். பரவாயில்லை, கேக்குது என்றேன். புரோப்ரனலாலைப் பற்றியும் சொல்லியிருக்கலாம்தான், பஸ் வந்துவிட்டது.